இரண்டு சட்டை

மார்ச் 4, செவ்வாய்

இன்று நானூறு மூட்டைக்கு வாய் தைத்தேன். மேஸ்திரி நோட்டில் இருநூற்றுப் பத்து என்று இருக்கிறது. அவருக்கு எண்ண வராது. கோணி ஊசி பிடிக்கிறதில் என்னை மாதிரி ஒருத்தன் இந்தக் குடோனில் இல்லை. எந்தக் குடோனிலும் இல்லை.

தம்பியை நேற்று ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். மூச்சு விட முடியவில்லை. ஒரு வாரம் போனால்தான் எதுவும் சொல்ல முடியும் என்கிறார் டாக்டர்.

சாயங்காலம் சபையில் போதகர் தாவீது ராஜா கதையைச் சொன்னார். பிள்ளைக்குச் சீக்கு. ராஜா சாப்பாட்டைத் தள்ளிவிட்டு, ஏழு நாள் தரையில் விழுந்து கிடந்து கடவுளிடம் கெஞ்சினாராம். கேட்டதும் எனக்கு உடம்பெல்லாம் முறுக்கேறிவிட்டது. எழுந்து நின்றேன்.

"என் தம்பிக்காக நானும் ஏழு நாள் உபவாசம். தண்ணிகூடக் கிடையாது."

"தண்ணியாவது குடிங்க ஐயா" என்றார் போதகர்.

"ராஜா குடிச்சாரா?"

சபையே வாயடைத்துப் போனது. சபை என்றால் இன்றைக்குப் பதினோரு பேர். அதில் ஒருத்தர் ஏணியில் நின்று மின்விசிறியைக் கழற்றிக்கொண்டிருந்தார். மிச்சக் கதையை நான் சரியாகக் கேட்கவில்லை. எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மார்ச் 5, புதன்

உபவாசம், முதல் நாள். இந்த வாரம் காலையில் ஆஸ்பத்திரி, மதியத்துக்கு மேல் வேலை.

தம்பியிடம் சொன்னேன். அவன் பஸ் மெக்கானிக். எஞ்சினைத் திறக்கவே வேண்டாம், வாடையை வைத்தே எங்கே கோளாறு என்று சொல்லிவிடுவான். இது நான் கட்டுகிற கதை இல்லை, டிப்போவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். மாஸ்க்கைக் கொஞ்சம் இறக்கிவிட்டு, "அண்ணே, நீ கை கழுவறதுக்கும் தட்டு வர்றதுக்கும் நடுவுலயே பசி தாங்க மாட்டியே" என்றான்.

"இப்ப பாரு" என்றேன்.

பத்தரைக்குக் காது அடைத்தது. படிக்கட்டுக்கு அடியில் ஒரு டீக்கடை. இரண்டு அவித்த முட்டை. ஆஸ்பத்திரிக்குள் சாப்பிடுவது சாப்பாட்டில் சேராது, மருந்து மாதிரி. மேலே போய் அவன் நெற்றியில் கை வைத்து, கல்லும் கரையும்படி ஜெபம் பண்ணினேன். அவன் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான். தோள் குலுங்கியது. வலி போலிருக்கிறது.

மார்ச் 7, வெள்ளி

வேதத்தை எடுத்துப் புரட்டினேன். நான் அஞ்சாம் வகுப்புதான், ஆனால் காலேஜ் போனவனைவிட வேகமாக வாசிப்பேன். அந்தக் காலத்து ஜனங்கள் துக்கத்துக்குச் சும்மா பட்டினி கிடக்கவில்லை. 'இரட்டு' உடுத்தியிருக்கிறார்கள். இரட்டு, அதாவது இரட்டை. ஒன்றுக்கு மேல் ஒன்று. இந்த வெயிலில் இரண்டு சட்டை போடுவது லேசான வதையா? யோசித்துத்தான் வைத்திருக்கிறார்கள்.

என்னுடையதில் காய்ந்தது ஒன்றுதான். தம்பி அன்றைக்கு ஆஸ்பத்திரியில் கழற்றிக் கொடுத்த சட்டை பையில் கிடந்தது. அதை உள்ளே போட்டேன், என்னுடையதை மேலே. டீசல் வாடை.

"என்னய்யா, குளிர் காய்ச்சலா?" என்றார் மேஸ்திரி.

"ராஜாக்கள் போட்ட உடுப்பு."

நினிவே என்று ஓர் ஊரில் மாடுகூட இரட்டு உடுத்தியதாம். மாட்டுக்கு யார் பொத்தான் போட்டுவிட்டது?

முட்டை மூன்று.

மார்ச் 9, ஞாயிறு

சபையில் அஞ்சாம் நாள் என்று அறிவித்தேன். கண் இருட்டுகிறது, ஆனால் ஆவியில் பலம் இருக்கிறது என்றேன். ஒரு அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு என் கையைத் தொட்டார். அந்த நேரம் பார்த்து ஏப்பம் வந்தது. இருமலாக மாற்றிவிட்டேன்.

மார்ச் 10, திங்கள்

தம்பி போய்விட்டான். பத்து நாற்பதுக்கு. நான் படிக்கட்டுக்கு அடியில் இருந்தேன்.

மார்ச் 12, புதன்

நேற்று அடக்கம். ஆயிரம் பேர் வந்தார்கள்.

நாற்பது இருக்கும்.

ஒரு டிப்போக்காரர் என் கையைப் பிடித்து, "ஆறு நாள் பச்சைத் தண்ணி படாமக் கிடந்தீங்களாமே, இப்படி ஒரு அண்ணன் யாருக்குக் கிடைக்கும்" என்றார். சரி என்று தலையாட்டினேன். வேறு என்ன செய்வது. அழுகை வரவில்லை. எல்லோரும் பட்டினிக் களைப்பு என்று நினைத்துக்கொண்டார்கள்.

மார்ச் 13, வியாழன்

அன்றைக்குக் கேட்காமல் விட்ட மிச்சக் கதையை இன்று வாசித்தேன். அந்தப் பிள்ளை ஏழாம் நாள் செத்துப்போகிறது.

ராஜா எழுந்து, குளித்து, வேறு துணி உடுத்தி, தொழுதுவிட்டு வந்து சாப்பாடு கேட்கிறார். வேலைக்காரர்களுக்குத் திகைப்பு. உயிரோடு இருக்கும்போது பட்டினி, செத்த பிறகு சாப்பாடா? அவர் சொல்கிறார்: இருக்கும்போது கெஞ்சினேன், இனி நான் அவனிடம் போவேனே தவிர அவன் என்னிடம் வரமாட்டான்.

நாலு தடவை வாசித்தேன். அவர் முடித்துவிட்டு எழுந்தார். நான் ஆரம்பிக்கவே இல்லையே. எதிலிருந்து எழுவது? அந்த ஆறு நாளில் ஒரு நாளாவது ஒழுங்காக இருந்திருந்தால்? ஒரு முட்டை குறைத்திருந்தால்?

இன்றிலிருந்து ஏழு நாள். தண்ணீர் மட்டும். யாரிடமும் சொல்லப்போவதில்லை.

மார்ச் 14, வெள்ளி

தம்பி பெண்டாட்டி வழக்கம்போல கேரியரில் சாப்பாடு கொடுத்துவிடுகிறாள். குடோன் வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டேன். கழுவிக் கொடுத்தார். திரும்பக் கொண்டுபோய் வைத்து, "வயிறு வெடிக்குதும்மா" என்றேன். அவள் மூடியைத் திறந்து பார்த்தாள். "நல்லது மாமா" என்றாள்.

போன வாரம் தின்றுவிட்டுத் தின்னவில்லை என்றேன். இந்த வாரம் தின்னாமல் தின்றேன் என்கிறேன். பொய் ஒன்றுதான், திருப்பிப் போட்டிருக்கிறேன்.

மூட்டை நூற்று நாற்பது. மேஸ்திரி எண்ணியதும் அதே.

மார்ச் 15, சனி

கோணி ஊசி கட்டைவிரலில் பாய்ந்து மறுபக்கம் வந்தது. எனக்குத் தெரியவில்லை. மேஸ்திரி மூட்டையில் ரத்தத்தைப் பார்த்துவிட்டுக் கத்தினார். "வலிக்கலையாய்யா உனக்கு?" வலிக்கவில்லை. யாருடைய விரலோ மாதிரி இருந்தது.

மூட்டை தொண்ணூற்றிரண்டு.

மார்ச் 16, ஞாயிறு

என் உபவாசத்தைப் பற்றி எல்லோர் முன்னாலும் சாட்சி சொல்லப் போதகர் கூப்பிட்டார். தொண்டை கட்டியிருக்கிறது என்று சொல்லிவிட்டேன்.

இன்றைக்கு அவர் வேறு ஒரு கதை சொன்னார். போரில் செத்த ஒரு ராஜாவின் உடலை எதிரிகள் மதிலில் தொங்கவிட்டிருக்கிறார்கள். எப்போதோ அவரால் பிழைத்த ஓர் ஊர்க்காரர்கள் போய் அதை இறக்கிக்கொண்டு வந்து அடக்கம் பண்ணி, ஏழு நாள் உபவாசம் இருக்கிறார்கள். வெளியே வந்ததும் கேட்டேன்: "ராஜாதான் செத்தாச்சே, இனி எதுக்குப் பட்டினி? என்ன கிடைக்கப்போகுது?"

"ஒண்ணும் கிடைக்காது ஐயா. கேக்கறதுக்கு ஒரு உபவாசம் இருக்கு. இது கேக்கறதுக்கு இல்ல, துக்கத்துக்கு. ஒருத்தர் இல்லாம சோறு எப்படி இறங்கும்? அவ்வளவுதான்."

நடந்தே அறைக்கு வந்தேன்.

மார்ச் 17, திங்கள்

தம்பி மகள் அறைக்கு வந்தாள். பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்துகிறவள், கண்ணில் எதுவும் தப்பாது.

"ஏன் பெரியப்பா ரெண்டு சட்டை?"

"இரட்டு. வேதத்துல இருக்கு. துக்கத்துக்கு ரெட்டையா உடுத்தணும்."

"பெரியப்பா, இரட்டுன்னா ரெட்டை இல்ல. சாக்குத்துணி. கோணி."

கோணி! முப்பது வருஷமாக நான் தைக்கிறது. தூசி மூக்கில், நார் நகத்துக்குள். ஒரு நாளும் எனக்கு அது என்ன துணி என்று தெரியவில்லை.

சிரிப்பாள் என்று நினைத்தேன். என் காலருக்கு உள்ளே இருந்த காலரைத் தொட்டாள். "இது அப்பா சட்டை."

"ஆமா."

"துவைச்சிட்டீங்களா?"

"இல்ல."

கிட்டே வந்து மோந்து பார்த்தாள். பிறகு போய்விட்டாள்.

மார்ச் 18, செவ்வாய்

கேரியரை நான் குடோனிலேயே மறந்துவிட்டு வந்தேன். நல்ல மனுஷன் வாட்ச்மேன், வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார். "நாலு நாளா உங்க கை ருசியிலதாம்மா உடம்பு தேறியிருக்கேன்" என்றும் சொல்லியிருக்கிறார்.

தம்பி பெண்டாட்டியும் மகளும் வந்து நின்றார்கள். இனி மறைக்க என்ன இருக்கிறது. சொன்னேன். படிக்கட்டு, டீக்கடை, முட்டை, பத்து நாற்பது. எல்லாம் என் பொய்யால வந்தது, நான் ஒழுங்கா இருந்திருந்தா அவன் இருந்திருப்பான் — சொல்லிக்கொண்டே போனேன். குரல் தட்டையாகத்தான் வந்தது.

அவள் தரையில் உட்கார்ந்தாள். "அவருக்குத் தெரியும் மாமா."

"என்ன தெரியும்?"

"முதல் நாளே தெரியும். நீங்க ஜெபம் பண்ணிட்டு அந்தப் பக்கம் போனதும் மாஸ்க்கை இறக்கிட்டு, 'ரெண்டு முட்டை, மிளகுத்தூள் கொஞ்சம் ஜாஸ்தி'ன்னாரு. சிரிச்சா இருமல் வரும்னு சுவத்துப் பக்கம் திரும்பிக்குவாரு. நான் கேக்கறேன்னேன். 'கேட்டுடாதே, அண்ணன் மானம் போயிடும். அது சாப்பிட்டுட்டு வருதுன்னு தெரிஞ்சாதான் எனக்கு நிம்மதி'ன்னாரு."

சுவர்ப் பக்கம். வலி என்று நினைத்தேனே.

"கடைசி நாள் காலையிலகூட, 'அண்ணன் இன்னும் வரல, மூணு முட்டை ஆயிடுச்சு போல'ன்னாரு" என்றாள். பிறகு, "எனக்கும் அன்னியிலருந்து ஒரு வாய் இறங்கல மாமா. இவளும் டீயோட சரி. உங்க கேரியர் காலியா வரும்போது, நம்ம வீட்டுல ஒருத்தராவது சாப்பிடறாரேன்னு இருந்தேன்."

"ஆகமொத்தம்" என்றாள் மகள், "நம்ம வீட்டுல ஆக்கின சோத்தைச் சாப்பிட்டது வாட்ச்மேன் ஒருத்தர்தான்."

யாரும் சிரிக்கவில்லை. இருந்தாலும் அறையில் கொஞ்சம் காற்று வந்தது போல இருந்தது.

நாளைக்கு ஒரு நாள் மிச்சம் இருக்கிறது என்றேன். "அப்ப நாளைக்கு மூணு பேரும் தெரிஞ்சே இருப்போம்" என்றாள் தம்பி பெண்டாட்டி. "மறுநாள் சேர்ந்து சாப்பிடுவோம்."

மார்ச் 19, புதன்

அவர்கள் வீட்டில் தரையில் உட்கார்ந்திருந்தோம். கடவுளிடம் எதுவும் கேட்கவில்லை. சாயங்காலம் கட்டைவிரல் வலிக்க ஆரம்பித்தது. நல்ல வலி. அதைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

மார்ச் 20, வியாழன்

குளித்தேன். சட்டை ஒன்று. தம்பியுடையதை மடித்து மகளிடம் கொடுத்தேன். துவைக்கப்போவதில்லை என்றாள்.

கஞ்சி, அவித்த முட்டை. மூன்று தட்டு. முதல் வாய் மணலாக இருந்தது, இரண்டாவதும் அப்படித்தான். மூன்றாவதில் உப்பு தெரிந்தது. தம்பி பெண்டாட்டி பாதி கிண்ணம் குடித்தாள்.

வேலைக்குப் போனேன். முந்நூறு மூட்டை. மேஸ்திரி நூற்றுப் பத்து என்கிறார். அவருக்கு எண்ண வராது.

சாயங்காலம் மகள் கேட்டாள்: "காலையில எத்தனை முட்டை சாப்பிட்டீங்க பெரியப்பா? நான் கவனிக்கல."

"ஒண்ணே ஒண்ணு. அதுவும் உங்கம்மா கட்டாயப்படுத்தினதால."

முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது.