எப்சிக்கு அப்பம்

ஜெயபுரம்
மாசி 2004

அண்ணைக்கு,

நத்தார்ப் பண்டிகையில் இயேசு பிறப்பைக் கொண்டாடிய நாளிலிருந்து வாய் திறக்காமல் இருந்தது போதும்.

அன்று வவுனியாவிலிருந்து வந்து எங்கள் கோவிலில் ஆராதனை நடத்தினீர்கள். ஒவ்வொரு உயிரும் கடவுளின் சாயல், பலவீனரைத் தாங்குவதே விசுவாசம் என்று நன்றாகத்தான் பிரசங்கித்தீர்கள். பிறகு திருவிருந்து, இயேசுவின் உடலாக அப்பத்தைப் பிட்டு எல்லாருக்கும் கொடுக்கும் நேரம். வளர்ந்தும் நடக்கவோ பேசவோ வராத நம் தங்கச்சி எப்சியைத் தூக்கி வந்து முன்னால் இருத்தினேன். மற்றவர்களைப் பார்த்து அவளும் இரண்டு கைகளையும் ஏந்தினாள். நீங்கள் அவள் தலையில் கை வைத்து ஆசீர்வதித்துவிட்டு, அப்பத்தை அடுத்தவருக்குக் கொடுத்தீர்கள். பாட்டு முடிந்த பிறகும் அவள் கைகளை மடக்கவில்லை.

அவளுக்கு ஏன் கொடுக்கவில்லை என்று வெளியே வைத்துக் கேட்டேன்.

“அவள் விசுவாசப் பிரமாணம் சொல்லித் திடப்படுத்தல் எடுக்கேல்லையடா. அது எடுக்காத ஆக்களுக்கு அப்பம் குடுக்கேலாது. சட்டம் எல்லாருக்கும் ஒண்டுதான். அவளுக்கு உதெல்லாம் விளங்காது.”

“விளங்காதெண்டால் ஏன் கையை நீட்டினவள்?”

“உன்ர வாத்தியார்க் கதையைப் பள்ளிக்கூடத்தோட விடு,” என்று சிரித்தபடி வாகனத்தில் ஏறினீர்கள்.

அம்மா போன பிறகு அவளைக் குளிப்பாட்டுவதும் ஊட்டுவதும் நான்தான். இடம்பெயர்ந்தபோதெல்லாம் சைக்கிளில் வைத்துத் தள்ளியதும் நான்தான். நீங்கள் ஒரு நாளும் எப்படி என்று கேட்டதில்லை.

இப்போது அவளுக்குக் கஞ்சியும் இறங்குவதில்லை. உயிர்த்த ஞாயிறு வரை இருக்கமாட்டாள் என்றுதான் டொக்டர் சொல்கிறார். ஜெபிப்பதாகச் சொல்லி அனுப்பியிருந்தீர்கள். ஜெபம் நானும் செய்வேன். நீங்கள் அப்பத்தோடு வாருங்கள். ஒரு பொட்டு நாக்கில் வைத்தால் போதும். இல்லாவிட்டால் அடக்கத்துக்கும் வர வேண்டாம்.

கீழே ‘அன்புள்ள தம்பி’ என்று எழுத மனம் வரவில்லை. கோபத்தில் வேறு எதை எழுதினாலும், பிறகு மனம் கேளாமல் கடிதத்தையே கிழித்துவிடுவேன். கையெழுத்து வைக்காமலே நாளை தபாலில் போடுகிறேன்.