இடது பிரேக்

என் முன்கோபக்காரருக்கு,

வண்டியில் முன்சக்கரம் இல்லாததைப் பார்த்துக் கத்தாதீர்கள். நான்தான் கழற்றி எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்கு வந்திருக்கிறேன். அது இல்லாமல் நீங்கள் மலைக்குப் போக முடியாதல்லவா?

"இடது பிரேக் கல்லு மாதிரி இருக்கு, உனக்கு வேலையே தெரியல" என்று திட்டினீர்கள். பழைய மலை சைக்கிள்களை வாங்கிக் குவிப்பது நீங்கள், கழற்றி மாட்டுவது நான். ரோஷம் வராதா? கேபிளை மாற்றினேன். ஸ்பிரிங்கைத் தளர்த்தினேன். கடைசியில் புது லீவரையே போட்டேன். ஓட்டிவிட்டு வந்து மறுபடியும் "கல்லு" என்றீர்கள்.

போன வாரம் சட்டைப் பொத்தானை என்னைப் போட்டுவிடச் சொன்னீர்கள். "ஏன், பொண்டாட்டிகிட்ட கொஞ்சக் கூடாதா?" என்று சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். அதற்குப் பிறகு சாவிக்கொத்து இரண்டு தடவை உங்கள் இடது கையிலிருந்து விழுந்தது.

நேரில் கேட்டால் மழுப்பிவிடுவீர்கள். நாளைக்கு டாக்டரிடம் நேரம் வாங்கியிருக்கிறேன். வந்து காட்டிவிட்டால் சக்கரத்தைத் தருகிறேன்.

இன்று காலை நம் சின்னவள் ஷெட்டுக்குள் வந்து, பின்சக்கரத்தைச் சுற்றிவிட்டு, அந்த இடது பிரேக்கைச் சுண்டுவிரலால் அமுக்கினாள். சக்கரம் சட்டென்று நின்றுவிட்டது. உடனே முன்சக்கரத்தைக் கழற்றிவிட்டேன்.

எனக்கு வேலை தெரியவில்லை என்று இன்னொரு முறை திட்டுங்களேன். அதுவே உண்மையாக இருந்துவிட்டுப் போகட்டும்.

உங்கள் மெக்கானிக்