காலுறை அம்மாவின் பக்கம்

4 அக்டோபர் 1999, திங்கள்

விடியும்போதே மழை. கிள்ளானில் கொமுட்டர் ரயில் தாமதம். பிரிக்பீல்ட்ஸ் ஆபீஸ் வந்து சேரும்போது செருப்புக்குள் தண்ணீர். நாள் முழுக்க ஏர்கோண்ட் குளிரில் ஈரக் காலோடு.

வீட்டுக்காரர் டேனி இன்றும் கேட்டார், "அங்க என்னதான் செய்றே, எஸ்தர்?" கம்ப்யூட்டர் வேலை என்றேன். அவர் வேலை பார்த்த துறைமுகக் கம்பெனி மூடியதிலிருந்து வீட்டுக்கு வரும் சம்பளம் என்னுடையது மட்டும். அதனால் மேலே கேட்கவில்லை.

இங்கேயாவது உள்ளதை எழுதுகிறேன். பாஸ் குணா சொந்தமாகச் சில இணையப் பக்கங்கள் நடத்துகிறார். சுற்றுலா, சமையல், உடல்நலம் என்று பெயர். உள்ளே ஒரு மண்ணும் கிடையாது. சுற்றிலும் விளம்பரம். யாராவது ஒரு விளம்பரத்தை அழுத்தினால், அதைக் கொடுத்த கடைக்காரர் கையை விட்டுக் காசு போகும். நடுவில் இருக்கும் அமெரிக்கக் கம்பெனி தன் பங்கை எடுத்துக்கொண்டு மீதியைப் பாஸுக்கு அனுப்பும். அந்த யாராவது, நானும் கூட வேலை செய்யும் மகேஸும்.

பாஸ் இன்று மறுபடி பாடம் எடுத்தார். "க்ளிக் பண்ற மாதிரி தெரியக் கூடாது லா. ஆள் மாதிரி தெரியணும். தொறந்தா கொஞ்ச நேரம் இருங்க. கீழ வரைக்கும் போங்க. உள்ள இன்னொரு பக்கம் பாருங்க. அப்புறம் வெளிய வாங்க."

பிறகு லைனை வெட்டி மறுபடி டயல், எங்கள் இணைய எண் மாறி வேறு ஆள் போலத் தெரிவதற்காக. மோடம் கத்தும். மறுபடி முதலிலிருந்து.

வாங்க: மண்ணெண்ணெய், உப்பு, டேனிக்குச் சவர பிளேடு.

12 அக்., செவ்வாய்

வெயில். தலைவலி.

மகேஸ் காத்திருக்கும் நேரத்தில் நகத்துக்குச் சாயம் போடுகிறாள். எனக்குச் சும்மா இருக்கத் தெரியாது. திறக்கும் கடைகளின் பக்கங்களைப் படிக்கிறேன். முடி வளரும் தைலம், பல் வெளுக்கும் பசை, எல்லாம் படித்தாயிற்று. படிக்கத் தக்கது ஒன்றுதான். கனடாவில் ஏதோ குளிர்ப் பிரதேசம், ஹெலன் என்று ஓர் அம்மாள். தங்கையோடு சேர்ந்து கம்பளிக் காலுறை பின்னி விற்கிறார். மகேஸ் வைத்த பேர், காலுறை அம்மா.

இன்று அவர் பக்கத்தின் மேலே புதிதாகச் சில வரிகள். 'மலேசியாவிலிருந்து வரும் நண்பர்களுக்கு நன்றி! தினமும் இத்தனை பேர் வருகிறீர்கள். உங்கள் ஊர் வெப்பமான ஊர் என்று பள்ளியில் படித்தேன். ஆசிரியர் தவறாகச் சொல்லியிருப்பார் போலும்.'

மகேஸிடம் காட்டினேன். விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்தேன். ரயிலில் சிரிப்பு வரவில்லை.

15 அக்., வெள்ளி

காலுறை அம்மா இப்போது விலையை ரிங்கிட்டிலும் போட்டிருக்கிறார். சின்னப் பாதங்களுக்கு என்று தனி அளவு வேறு பின்னுகிறார்களாம், எங்களுக்காக.

மதியம் வங்கிக்குப் போனேன். டிராஃப்ட் எடுத்து ஒரு ஜோடிக்கு ஆர்டர் அனுப்பிவிட்டேன். இந்த மாதம் கோழி கிடையாது, அவ்வளவுதான். எடுத்த காசில் கொஞ்சமாவது திரும்பிப் போகட்டும். தபால்பெட்டியில் போட்டதும் நெஞ்சு லேசானது. ரயிலில் நின்றுகொண்டே தூங்கினேன்.

24 அக்., ஞாயிறு

ஆராதனை. பாவ அறிக்கை ஜெபத்தில் வாய் மட்டும் அசைந்தது. பின்வரிசையில் யாரோ, "பாஸ்டர் இன்னிக்கு சீக்கிரம் விட்டா மார்க்கெட்டுக்குப் போலாம்."

3 நவ., புதன்

மழை, இடி, சாலையில் ஜாம். எழுதக் கை வரவில்லை. இருந்தாலும்.

என் டிராஃப்ட் போய்ச் சேர்ந்துவிட்டது. பக்கத்தின் உச்சியில், பெரிய எழுத்தில்: 'மலேசியாவின் முதல் வாடிக்கையாளர்! கிள்ளான் எஸ்தருக்கு எங்கள் அன்பு! வருகிறவர்கள் வாங்கவும் செய்வார்கள், இனி சந்தேகமில்லை.' கீழே, தங்கையின் வேனை விற்றுவிட்டார்களாம். அந்தப் பணத்தில் கம்பளியும் விளம்பரமும்.

மகேஸ் எட்டிப் பார்த்தாள். "அக்கா, ஒங்க பேரு மாதிரியே இருக்கு. ஊரும் கிள்ளான்."

"கிள்ளான்ல எத்தனை எஸ்தர் இருக்காங்க," என்றேன். என்னையே பார்த்தாள். 

மாலையில் பாஸ் கைதட்டிக்கொண்டே வந்தார். "சாக்ஸ் அம்மா ரேட்ட ஏத்திட்டாங்க! ஒரு க்ளிக்குக்கு டபுள். நாளையிலேர்ந்து அத ஜாஸ்தியா அழுத்துங்க. தீபாவளிக்கு ரெண்டு பேருக்கும் ஆங்பாவ் உண்டு, கவர்ல காசு."

என் கோழிக்காசுதான் அந்த வேனை விற்க வைத்தது. நான் சும்மா இருந்திருந்தால் அவர்கள் அலுத்துப்போய் விளம்பரத்தை விட்டிருப்பார்கள். நல்லது செய்கிறேன் என்று போய் இப்படி.

4 நவ., வியாழன்

அழுத்தினேன். நேற்றைவிட அதிகம்.

8 நவ., திங்கள்

தீபாவளி விடுமுறை. சுங்கை பூலோவில் மகேஸ் வீடு. முறுக்கு, ஆட்டுக்கறி, கூட்டம். அடுக்களையில் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தாள்.

"அக்கா, அந்த எஸ்தர் நீங்கதான்னு தெரியும். ஒண்ணு கேக்கறேன். அந்தம்மாகிட்ட ஏதும் சொல்லிடாதீங்க. அவங்க கம்ப்ளெய்ன் பண்ணா அமெரிக்காக்காரன் எல்லாத்தையும் மூடிருவான். எனக்கு மார்ச்ல கல்யாணம். மண்டபத்துக்கு டெப்போசிட் குடுத்தாச்சு."

சரி என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. முறுக்கு கட்டிக் கொடுத்தாள்.

10 நவ., புதன்

பார்சல். சாம்பல் நிறம், விளிம்பில் சிவப்பு. கூடவே கையெழுத்தில் ஒரு சீட்டு: 'குளிருக்குப் பத்திரம்.'

டேனி பிரித்துப் பார்த்தார். "கிள்ளான்ல கம்பளி சாக்ஸா? யாருக்கு?" மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து போட்டே பார்த்தார். சிரித்தார். அவர் சிரித்து எத்தனை நாள். அந்தச் சிரிப்பின் நடுவில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். வேலை, கிளிக், ஹெலன், வேன்.

சிரிப்பு நின்றது. காலுறையைக் கழற்றி மடித்து வைத்தார்.

"சொன்னா ஒன் வேலை?"

"போயிரும்."

"மகேஸுக்கு?"

"அவளுக்கும்."

"வீட்டு லோன்?"

மடித்த காலுறையை எடுத்து அலமாரியில் வைத்தேன்.  

11 நவ., வியாழன்

காய்ச்சல் என்று லீவு. கிள்ளான் சைபர் கஃபேயில், பக்கத்தில் கம்ப்யூட்டர் கேமில் சுட்டுக்கொண்டிருக்கும் பையன்கள் சத்தத்தில், ஹெலனுக்கு மின்னஞ்சல் எழுதினேன். ஆங்கிலத்தில் எழுதியது சுருக்கமாக: வருகிறவர்கள் வாடிக்கையாளர்கள் இல்லை. இரண்டு பெண்கள், சம்பளத்துக்கு. விளம்பரத்தை நிறுத்துங்கள். மன்னியுங்கள்.

மகேஸின் கல்யாணத்தை எழுதவில்லை. அதையும் எழுதியிருந்தால் கெஞ்சுவது போல் ஆகியிருக்கும். அனுப்பிவிட்டு, அங்கேயே சாலையோரம் நின்று அழுதேன். ஒரு அங்கிள், "என்னம்மா, பர்ஸ் போச்சா?"

13 நவ., சனி

பதில் வந்திருக்கிறது. நாலு வரி.

'புரிந்துகொள்ள இரண்டு முறை படிக்க வேண்டியிருந்தது. நிறுத்திவிட்டோம். யாரிடமும் புகார் செய்யப் போவதில்லை, அதற்கும் பலம் வேண்டும். ஒன்று மட்டும் சொல்லுங்கள். இத்தனை நாளில் யாராவது உண்மையிலேயே படித்தீர்களா?'

நான் படித்தேன், எல்லாவற்றையும், என்று எழுதினேன். கொஞ்சம் யோசித்தேன். அப்படியே அனுப்பினேன்.

வேன் திரும்பி வராது.

15 நவ., திங்கள்

மேகமூட்டம். கொமுட்டரில் உட்கார இடம் கிடைத்தது.

போனதும் பாஸ், "சாக்ஸ் அம்மாவ காணோம். பரவால்ல லா, வேற வந்திருக்கு." அவ்வளவுதான். மகேஸ் என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு எழுந்து போய் எனக்கும் சேர்த்து தேத்தண்ணி வாங்கி வந்தாள். கோபமா, நன்றியா, தெரியவில்லை. 

புது விளம்பரம். அதுவும் ஏதோ சின்னக் கடை. அழுத்தினேன். காத்திருந்தேன். கீழே வரை போனேன். உள்ளே இன்னொரு பக்கம். வெளியே. லைனை வெட்டி, டயல், மறுபடி.

கடைக்காரருடைய படம் ஒன்று இருந்தது. இரவு வீட்டில் சொன்னபோது, ஆணா பெண்ணா என்று டேனி கேட்டார். பார்க்காமலே கடந்திருந்தேன், சொல்லத் தெரியவில்லை.