ஸ்கோப் இல்லாத மேசை

2 நவம்பர் 1992, திங்கள்
காலையிலிருந்து மழை. திருமுல்லைவாயில் ஸ்டேஷனில் முழங்கால் தண்ணீர். செருப்பைக் கையில் பிடித்தபடி அம்பத்தூர் எஸ்டேட்.
நான் டிசைன் செய்த கன்வெர்ட்டர் ஐந்து மணி நேரம் நிற்காமல் ஓடியது. தீப்பெட்டி அளவு, வோல்டேஜை மாற்ற வினாடிக்குப் பத்து லட்சம் தடவை மின்சாரத்தை வெட்டி ஒட்டும். அதில் மாட்டிய ஸ்கோப், மின் அலையைக் காட்டும் பெட்டி, அதன் திரையில் அலை சுத்தம். இந்த ஆர்டர் வந்தால் கம்பெனி பிழைக்கும் என்கிறார் மேனேஜர். வராவிட்டால் என்ன என்று அவர் சொல்லவில்லை, யாரும் கேட்கவில்லை.
வாங்க: கொசுவர்த்தி, இருமல் மருந்து.

3 நவ., செவ்.
நாளை வாடிக்கையாளர் வருகிறார். மேசையெல்லாம் துடைப்பு. ஆயுத பூஜைக் குங்குமத்தோடு நின்ற ஸ்கோப்பைப் பார்த்து மேனேஜர்: "என்ன சார் இது, ஒயரும் அதுவுமா, ஐ.சி.யு. மாதிரி. எடுத்துடுங்க." எடுத்துப் பீரோவில் வைத்தேன்.
கன்வெர்ட்டருக்குச் செப்புக் கம்பியில் காயில் சுற்றும் கஸ்தூரியம்மா, மேனாம்பேட்டுக்காரர்: "நாளைக்கு ஓடிடும்ல சார்? பொண்ணுக்கு சம்பந்தம் பேசிகினு கீறோம்." ஓடும் என்றேன்.

4 நவ., புத.
நான்கு நிமிடம் ஓடியது. பிறகு டப். டிரான்சிஸ்டரின் மேல்மூடி வாடிக்கையாளரின் காபிக்குள். நல்ல மனிதர், காபியை மட்டும் வேண்டாம் என்றார். இரண்டு வாரம் கெடு.
மேனேஜர்: "டிசைன்ல தப்பா, காயில்ல தப்பா?"
டிசைன் நான். காயில் கஸ்தூரியம்மா. "பார்க்கணும் சார்" என்றேன்.
மாலைக்குள் கஸ்தூரியம்மாவை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். டிபன் கேரியரோடு என் மேசைக்கு வந்தார். "பதினோரு வருசமா சுத்துறேன். ஒரு சுத்து கொறஞ்சிகீதான்னு எண்ணிப் பாரு சார்."

5 நவ., வியா.
எண்ணினேன். பதினான்கு. வரைபடத்திலும் பதினான்கு.
அதே காயில், புது டிரான்சிஸ்டர். பார்ப்பதற்காக ஸ்கோப்பை மாட்டினேன். ஓடியது. கழற்றினேன். டப். இன்னொன்று. டப்.
இந்த வேகத்தில் ஸ்கோப்பின் தொடுமுனையும் ஒரு குட்டிக் கெபாசிட்டர், சர்க்யூட்டில் ஒரு பாகம். பாடப் புத்தகத்திலேயே இருக்கிறது. நானே அடிக்கோடு போட்டிருக்கிறேன். மூன்று மாதமாக அதை மாட்டியபடியே டிசைன் செய்திருக்கிறேன். வரைபடத்தில் மட்டும் போடவில்லை.
சாப்பிடவில்லை. இருமல்.

6 நவ., வெள்.
மழை விட்டது. தொடுமுனைக்குப் பதிலாக அரிசி அளவு கெபாசிட்டர் ஒன்று. ஸ்கோப் இல்லாமல் ஆறு மணி நேரம் ஓட்டம்.
மேனேஜர்: "நான் சொல்லல? காயில்தான். இப்ப யார் சுத்தினது?" அதே காயில் என்று சொல்ல வாயைத் திறந்தேன். காபி வந்தது. குடித்தேன்.
அறிக்கையில் நான் எழுதிய ஒரே வரி: 'காயிலில் இருந்த குறை சரிசெய்யப்பட்டது.' கையெழுத்து, தேதி.
கேட்டில் கஸ்தூரியம்மா, பி.எஃப். பாரத்தோடு.
"எண்ணினியா சார்?"
இன்னும் இல்லை என்றேன்.