658-இல் இருந்த ஈரப் புத்தகம்

இன்று காலை தேயிலைப் பொட்டலங்களுக்குச் சீட்டு ஒட்டுவதற்காகப் பசை காய்ச்சினேன். மயில்துத்தம் போட்ட மாவுப் பசை. வாடை எழுந்ததும் கிளறிக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது. ஹட்டன் நூல்நிலையத்தில் உன் விரல்களில் எப்போதும் இருந்த வாடை அது. நீ போய் எட்டு வருஷமாகிறது. இதுவரை உனக்குச் சொல்லாத ஒன்றை இன்று எழுதிவிடுகிறேன்.

வட்டகொடைத் தோட்டத்தில் ஒரே லயத்தில், சுவரோடு சுவர் ஒட்டிய வரிசை வீடுகளில் பிறந்தவர்கள் நாம். நீ படித்து நூல்நிலையத்தில் வேலைக்குப் போனாய். நான் தோட்டத்து வேலையை விட்டுவிட்டு மஸ்கெலியாவில் கடை போட்டேன். தேயிலை விற்கிற கடை. சுற்றிலும் தேயிலை, ஆனால் அதை எப்படித் தரம் கலப்பது, எப்படி விற்பது என்று எனக்கு ஒன்றும் தெரியாது. மூன்று மாதத்தில் கடையை மூடிவிட்டுத் திரும்பவும் தோட்டத்தில் காலையில் பேர் கூப்பிடுகிற பெரட்டில் போய் நிற்க வேண்டிவருமோ என்ற பயத்தோடுதான் உன்னிடம் வந்தேன்.

உள் அறையில் அலமாரிகளுக்கு முன்னால் நான் விழித்துக்கொண்டு நின்றதைப் பார்த்துச் சிரித்தாய்.

"பேரைத் தேடாதடா. புத்தகத்து முதுகுல இருக்கிற நம்பரைத் தேடு. நாட்டோட பொருளாதாரமெல்லாம் 330. ஏத்துமதி, இறக்குமதி 380. நீ கேக்குற கடை நடத்துற சங்கதி 658."

நான் 658.15-ஐ 658.8-க்குப் பின்னால் தேடினேன். "பதினஞ்சு, எட்டுன்னு படிக்காத. புள்ளிக்கு அப்புறம் ஒவ்வொரு இலக்கமாப் பாரு. ஒண்ணுக்கு அப்புறந்தானே எட்டு?" என்றாய். நம்பருக்குக் கீழே இருந்த மூன்று எழுத்துகள் எழுதியவர் பெயரின் முதல் எழுத்துகள் என்று விரலால் தடவிக் காட்டினாய்.

தேயிலையைச் சில்லறையில் விற்பது பற்றி ஓர் ஆங்கிலப் புத்தகம் இருப்பதாக புத்தகப் பட்டியல் அட்டைகளைப் புரட்டிக் கண்டுபிடித்தோம். அது 633-இல், தேயிலை பயிரிடும் புத்தகங்களுக்கு நடுவே இருந்தது. நீ தலையில் அடித்துக்கொண்டாய். "தேயிலைன்னு பேரைப் பாத்ததும் யாரோ செடி வளக்குற பக்கம் தள்ளிட்டாங்க. இது 658.87-க்குப் போகணும். சீட்டை மாத்தி என் பேர்லயே எடுத்து, அடுத்த வாரம் கொண்டாறேன்."

ஒரு வாரம் பொறுக்க என்னால் முடியவில்லை. பஸ் கண்டக்டரிடம் சொல்லி அனுப்பினேன்: "சனிக்கிழமையே கொண்டு வரச் சொல்லுங்க."

நீ அப்படியே கிளம்பினாய். அன்றைக்குப் பகலிலேயே பனிமூட்டம், மழை. நோர்வூட் தாண்டி ஒரு வளைவில் பஸ் பள்ளத்தில் இறங்கியது. உன்னைத் தூக்கி வந்தார்கள். உன் பையும் குடையும் கிடைத்தன. புத்தகம் கிடைக்கவில்லை.

கருமாதி முடிந்த மறுநாள், புத்தகம் தொலைந்துவிட்டது என்று சொல்ல நூல்நிலையத்துக்குப் போனேன். பியோன் மாரிமுத்து அண்ணன் மட்டும் இருந்தார். இரவல் சீட்டுப் பெட்டியில் உன் பேரில் எடுத்த சீட்டு அப்படியே இருந்தது. புத்தகம் திரும்பி வந்ததாக யாரும் குறிக்கவில்லை. ஏனென்று தெரியாமலே உள் அறைக்குள் போனேன். 633-இல் அது இருந்த இடம் காலி. கால்கள் தாமாக அடுத்த வரிசைக்குப் போயின. 658.8 வந்தது. 658.85. அதற்கடுத்து அது இருந்தது.

முதுகில் புதுச்சீட்டு. உன் எழுத்தில் 658.87, ஏழுக்குக் குறுக்கே நீ எப்போதும் போடுகிற கோடு. தாள்கள் ஊதியிருந்தன. இழுத்தபோது செம்மண் கலந்த தண்ணீர் என் மணிக்கட்டில் வழிந்தது. இரண்டு பக்கத்துப் புத்தகங்களும் நனைந்திருந்தன. மழை விட்டு ஒரு வாரமாகியிருந்தது.

அண்ணனைக் கூப்பிட்டேன். அவர் முகம் வெளுத்துவிட்டது.

"நான் வைக்கல தம்பி. திரும்பி வர்ற புத்தகம் மேசைக்குத்தான் வரும். அந்தத் தம்பிக்குப் பிறகு அடுக்குறது நான் ஒருத்தன்தான். இத நான் கண்ணால பாக்கல." பிறகு தாழ்ந்த குரலில் சொன்னார்: "முந்தாநாள் மத்தியானம் உள்ள யாரோ நடக்கிற சத்தம் கேட்டுச்சு. படிக்க வந்தவங்கன்னு நெனச்சேன். இந்த ஒரு வாசல்தான். யாரும் வெளிய வரல."

அலமாரிக்குக் கீழே குனிந்து பார்த்தோம். தரையில் ஈரம் அந்த ஓர் இடத்தில் மட்டும். வாசல்வரை ஒரு சொட்டு இல்லை.

பிறகு அந்த பஸ்ஸில் வந்து பிழைத்த ஓர் அம்மாவைத் தேடிப்போய்க் கேட்டேன். "உங்க சிநேகிதரு மடியில புத்தகத்த வச்சு, அதோட முதுகுல என்னமோ சீட்டு ஒட்டி அழுத்திக்கிட்டே வந்தாருங்க," என்றார். புத்தகத்தை யாரும் எடுத்ததாக அவருக்குத் தெரியவில்லை. பள்ளத்தில் இறங்கிய தோட்டத்து ஆட்களையும் விசாரித்தேன். எவரும் எடுக்கவில்லை. எடுத்திருந்தாலும், மேசையில் கொடுக்காமல், புள்ளிக்கு அப்புறம் எட்டும் ஏழும் பார்த்து நேராக அந்த இடத்தில் வைக்கக்கூடியவன் நம் வட்டாரத்தில் உன்னைத் தவிர யாரடா?

புத்தகத்தை எடுத்துப்போக எனக்குத் தைரியம் வரவில்லை. மாரிமுத்து அண்ணன்தான், "ஒனக்காகத்தானே கொண்டாந்தது, கொண்டு போ," என்றார். அடுப்பருகே காயவைத்து, பக்கம் பக்கமாகப் பிரித்துப் படித்தேன். சில பக்கங்களில் மண் ஒட்டியிருந்தது. அதைத் துடைக்காமலே படித்தேன். தரம் பிரிக்கவும் கலக்கவும் அதிலிருந்துதான் கற்றேன். கடை நிலைத்துவிட்டது. இன்று பூண்டுலோயாவிலிருந்துகூட ஆள் வருகிறது.

படித்து முடித்ததும் நானே கொண்டுபோய் அதே இடத்தில் வைத்தேன். வைக்கும்போது பக்கத்துப் புத்தகங்களை நான் நகர்த்தவே இல்லை. ஏற்கெனவே யாரோ கைவைத்து ஒதுக்கித் தந்ததுபோல இடம் இருந்தது. அன்றைக்கு எனக்குப் பயம் வரவில்லை. "இருக்கியாடா?" என்று மெல்லக் கேட்டேன். கேட்டுவிட்டு, பதில் வந்துவிடுமோ என்று வேகமாக வெளியே வந்துவிட்டேன்.

நான் சொல்லி அனுப்பியதால்தான் நீ அந்த பஸ்ஸில் ஏறினாய் என்று உன் அம்மாவுக்கு இன்றுவரை தெரியாது. ஒவ்வொரு மாதமும் அவருக்குத் தேயிலை கொண்டுபோய்க் கொடுக்கிறேன். "நீயாச்சும் இருக்கியேப்பா," என்று என் தலையைத் தடவுகிறார். அந்தக் கைக்குக் கீழே வாயைத் திறக்க முடியாமல் உட்கார்ந்திருக்கிறேன்.