இவரிடம் மிஞ்சிய சொல்

மார்ச் 4, செவ்வாய்

இன்றும் அதே. "டார்க்."

மூளையில் ரத்தம் கட்டி இவர் விழுந்து ஒரு மாதம் ஆகிறது. கம்பைப் பிடித்து நடக்கிறார். நாம் சொல்வது புரிகிறது. பேச்சுதான் போய்விட்டது. ஒரே ஒரு சொல் மட்டும் மிச்சம். தண்ணீருக்கும் டார்க், தலையணைக்கும் டார்க், எனக்கும் டார்க்.

பெயிண்ட் கடையில் கலர் கலக்கியே பாதி ஆயுளைக் கழித்தவர். "லைட்டா வேணுமா, டார்க்கா வேணுமா?" அதனால்தானா என்று, பேச்சுப் பயிற்சி கொடுக்க வரும் பெண்ணிடம் கேட்டேன்.

"காரணமெல்லாம் தேடாதீங்கம்மா. சிலபேருக்குக் கெட்ட வார்த்தை மட்டும்தான் மிஞ்சும். உங்களுக்கு அதிர்ஷ்டம்."

என்னைச் சிரிக்க வைக்கத்தான் சொன்னாள். எனக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை.

மார்ச் 9

நாத்தனார் கேட்டாள்: "அண்ணி, நீங்க ஒரு சொட்டுக்கூட அழலையே?"

துணி காயப்போட வேண்டியிருந்தது.

மார்ச் 15, சனி

மகள் போன் செய்தாள். "உன் லீவு முடியப்போகுதும்மா. அப்பாவ ஒரு ஹோம்ல சேத்துடலாம். நல்லா பாத்துக்குவாங்க."

ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். இவரும் கேட்டார். போனை வைத்ததும், "போறீங்களா?" என்றேன்.

"டார்க்."

"வேண்டாமா?"

"டார்க்."

இரண்டும் ஒரே மாதிரி விழுந்தன. என்ன செய்ய? எனக்கு என்ன வேண்டும் என்பதே எனக்குத் தெரியவில்லை. சோற்றை வாயில் வைத்தால் மெல்லுகிறேன். அவ்வளவுதான்.

மார்ச் 16

தூங்கினேன்.

மார்ச் 22

பயிற்சிப் பெண் இன்று என்னைக் கடிந்துகொண்டாள். "வார்த்தைய விடுங்கம்மா. அவர் எப்படிச் சொல்றார்னு கேளுங்க."

முகத்தைப் பார்க்காமல், பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்டேன். இழுத்து மேலே போனால் கேள்வி. வெட்டினால் வேண்டாம். அடுத்தடுத்து வந்தால் பாத்ரூம், ஓடணும். அடித்தொண்டையில் வந்தால் தண்ணீர். மூக்கால் வந்தால் சாப்பாட்டில் குறை.

மகள் விட்டுப்போன அகராதியில் அந்தச் சொல்லைத் தேடினேன். இருட்டு, கருமை, துக்கம், ரகசியம், அறியாமை... வரிசையாகப் போகிறது. 'உப்பு போதாது' என்பதை ஏனோ விட்டுவிட்டார்கள்.

ஏப்ரல் 3, வியாழன்

ஹோமைப் பார்க்கப் போனோம். மகளும் வந்திருந்தாள். சுத்தமான இடம். ஜன்னலோரக் கட்டில், வெள்ளை விரிப்பு. குறை சொல்ல ஒன்றுமில்லை. நான் கையெழுத்துப் போடும் மனநிலையில்தான் இருந்தேன்.

இவர் கட்டிலில் உட்கார்ந்து, "டார்க்" என்றார்.

நர்ஸ் ஓடிவந்தாள். "இருட்டா இருக்கா ஐயா?" லைட்டைப் போட்டாள்.

"டார்க்."

இன்னொரு லைட். திரையையும் விலக்கினாள். பட்டப்பகல்! கண் கூசியது. அவள் பாவம், நல்ல மாதிரிதான் செய்தாள். இவர் வாயை மூடிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"தண்ணி கேக்கறாரும்மா" என்றேன்.

மடமடவென்று குடித்தார். சட்டையெல்லாம் நனைந்தது.

வாசலில் மகளிடம் கத்திவிட்டேன். முடியாதுடி — சொல்லிட்டேன் — அங்க விட்டா அவர் என்ன கேட்டாலும் லைட்டத்தான் போடுவாங்க! தாகத்துல கெடப்பார்டி உங்கப்பா! நடுத்தெரு என்றுகூடப் பார்க்கவில்லை. மூக்கு ஒழுக, ஓவென்று அழுதேன். மகள் பயந்துபோய்த் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

ஏப்ரல் 4

தலைவலி. பசித்தது.

ஏப்ரல் 21, திங்கள்

வேலைக்குத் திரும்பினேன். மின்சார ஆபீஸில் புகார் வாங்கும் பிரிவு. மதியம் வரை நாத்தனார் வீட்டில் இருப்பாள். பிறகு நான் போகும்வரை இவர் தனி. ஒரு பொத்தானை அழுத்தினால் ஆபீஸுக்கு அழைப்பு வருகிற மாதிரி மகள் போனில் செய்து கொடுத்திருக்கிறாள். அழுத்துவார் என்று நான் நம்பவில்லை.

மூன்று மணி வாக்கில் பக்கத்து மேஜைக்காரர் போனை எடுத்தார். "எந்தத் தெருங்க? ... தெருவைச் சொல்லுங்க சார்!" பிறகு என்னைப் பார்த்து, "யாரோ கரண்ட் இல்லையாம். டார்க், டார்க்குங்கிறார். அட்ரஸ் சொல்ல மாட்டேங்கிறார்" என்றார்.

பிடுங்காத குறையாக வாங்கினேன்.

"கண்ணாடியா?"

வெட்டினார்.

"ரிமோட்டா?"

"டா...ர்க்."

"எங்கிட்ட கேட்டா? நீங்கதானே கடைசியா வெச்சிருந்தீங்க! சோபாவுக்கு அடியில பாருங்க."

ஒரே அதட்டல்: "டார்க்!"

"எம்மேல எதுக்கு எரிஞ்சு விழறீங்க?" என்று போனை வைத்தேன்.

"என்ன மேடம், எங்க கரண்ட் போச்சாம்?" என்றார் அவர்.

"கரண்ட் எல்லாம் இருக்கு. வீட்ல சண்டை."