நயாகராவுக்குச் செல்வோர் கவனத்திற்கு

1996 ஜனவரி 17, புதன்

டிசம்பர் 22 அன்று மகள் ஜினி நயாகரா நகரில் அஞ்சலில் சேர்த்த பொதி இன்று காலை 11.20 மணிக்குப் பாறசாலை வந்து சேர்ந்தது. இருபத்தாறு நாட்கள். உள்ளே பயணிகளுக்கான கையேடு, நகர வரைபடம், பேருந்து நேர அட்டவணை, ஒரு கடிதம். ஜூன் முதல் வாரத்தில் பிரசவம் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறாராம். மே மாதமே நாங்கள் இருவரும் வந்துவிட வேண்டும் என்று எழுதியிருக்கிறாள். லிபினை மணந்து ஏழு ஆண்டுகளுக்குப் பின் அவளுக்கு வரும் முதல் குழந்தை.

நாற்பது பக்க நோட்டு ஒன்றை வாங்கி, ‘நயாகராவுக்குச் செல்வோர் கவனத்திற்கு’ என்று தலைப்பிட்டேன். செல்வோர் நானும் மனைவி விமலகுமாரியும்தான். ஆனாலும் எதையும் முறையாகச் செய்ய வேண்டும்.

அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்து அவள் சொன்னது: “அவ பேறு பாக்க விளிக்கியா. நீங்க ஊரு சுத்தப் பொறப்படுதிய.”

1996 ஜனவரி 29, திங்கள்

இன்று நோட்டில் குறித்தவை. நமக்கும் அவர்களுக்கும் பத்தரை மணி நேர வேறுபாடு. ஏப்ரல் முதல் ஞாயிறு முதல் அது ஒன்பதரையாகும். அன்று ஊரே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைக்கிறது. குழாய்த் தண்ணீரைக் கொதிக்க வைக்காமல் குடிக்கலாம். மின்சாரம் நூற்றுப்பத்து வோல்ட்; நம் இஸ்திரிப்பெட்டி அங்கே சூடாகாது. நதிக்கரைச் சாலையில் கோடையில் மட்டும் தனிப் பேருந்து ஓடும். அருவிக்கு அடியில் செல்லும் படகுகள் ஆற்றில் பனிக்கட்டி கரைந்த பின்னரே புறப்படும், பெரும்பாலும் மே மாதத்தில். படகில் ஏறுவோருக்கு மழைக்கோட்டு அவர்களே தருகிறார்கள்.

மதியம் வரைபடத்தை நெஞ்சில் விரித்தபடி படுத்திருந்தேன். நதிக்கரைச் சாலையில் வடக்கு நோக்கி நடந்தேன். வலப்புறம் பச்சை நீர், இடப்புறம் புல்வெளி. எங்கோ முன்னால் வெண்புகை. எவ்வளவு நேரம் நடந்தேன் என்று தெரியவில்லை. விழித்தபோது மணி 3.50. முகத்தில் ஈரம் இருந்தது போலவே தோன்றியது, வேர்வைதான்.

1996 பிப்ரவரி 10, சனி

அந்த நகரம் ஓர் எல்லை. ஆற்றின் மேல் ரெயின்போ பாலம். அதன் நடுவில் கனடா முடிந்து அமெரிக்கா தொடங்குகிறது. நடந்தே கடக்கலாம், ஆனால் அமெரிக்க விசா இல்லாதவர்கள் நடுக்கோட்டைத் தாண்டலாகாது.

சாலைச் சந்திப்பில் தொலைபேசிக் கடை வைத்திருக்கும் கனகதாஸிடம் இதைச் சொன்னேன். “பின்னே, நம்ம களியக்காவிளை செக்போஸ்ட்டு போலத்தான். அங்கயும் அரிச்சாக்கு கடத்துவினுமா சாரே?” என்றார். அருவியின் உயரம் ஏறக்குறைய நூற்றெழுபது அடி என்றும், பல நிற விளக்குகளால் அந்தி சாய்ந்ததும் ஒளியூட்டுகிறார்கள் என்றும் விளக்கினேன். கடையில் நின்ற மூவரும் கேட்டனர். “சாரு கனடா போகண்டாம். கனடா சாருக்க தலைக்குள்ள வந்து கெடக்குதாக்கும்” என்றார் கனகதாஸ். எல்லோரும் சிரித்தனர். நானும்.

1996 பிப்ரவரி 19, திங்கள்

விசா விண்ணப்பங்களை நிரப்பினேன். விமலகுமாரியுடையது பத்து நிமிடத்தில் முடிந்தது. என்னுடையதில் ‘பிறந்த தேதி’ என்ற கட்டத்தில் ஒரு மணி நேரம் நின்றேன்.

நான் பிறந்தது 1928 நவம்பர் 11, ஞாயிறு. சபையின் ஞானஸ்நானப் பதிவேட்டில் உள்ளது. என்னைப் பள்ளியில் சேர்த்த வாத்தியார், வயது போதவில்லை என்று 1927 மே 24 என எழுதிவிட்டார். அந்தக் காலத்தில் எல்லாப் பிள்ளைகளுக்கும் அப்படித்தான். சான்றிதழில் அதுவே நின்றது. பத்திரப் பதிவு அலுவலகத்தில் தலைமை எழுத்தராக இருந்த நான், பிறருடைய பத்திரங்களில் ஒரு நாள் பிசகினாலும் திருப்பி அனுப்பியவன், அந்தப் பொய்த் தேதியின்படி ஒன்றரை ஆண்டு முன்னதாக ஓய்வுபெற்றேன். கடவுச்சீட்டிலும் அதுவே. அச்சிட்டது அவர்கள். ஆனால் இந்தப் படிவத்தின் அடியில், மேற்கண்டவை யாவும் உண்மை என்று கையொப்பமிட வேண்டியவன் நான்.

உண்மையையே எழுதினேன். போதகரின் கடிதத்தையும் பதிவேட்டின் நகலையும் இணைத்தேன்.

கனகதாஸ் படித்துவிட்டு, “பாஸ்போட்டுல உள்ளத எழுதுங்க சாரே. சாரு எண்ணு பெறந்தா அவியளுக்கு என்ன?” என்றார். சத்தியம் என்று ஒன்று உண்டு என்றேன்.

1996 பிப்ரவரி 20, செவ்வாய்

காலை 10.15. பதிவுத் தபால். ரசீது பெற்றேன்.

1996 மார்ச் 22, வெள்ளி

வரைபடம் இனி தேவையில்லை. கண்ணை மூடினால் தெருக்கள் தாமாக வருகின்றன. ஜினியின் வீட்டிலிருந்து இரண்டாவது திருப்பத்தில் தபால் பெட்டி, அதைக் கடந்தால் பேருந்து நிறுத்தம். மழை தூறும் காலைகளில் நான் அங்கே குடையோடு நிற்கிறேன். விமலகுமாரி பக்கத்தில் கம்பளிச் சட்டைக்குள் சுருங்கி நின்று, பேருந்து ஏன் பிந்துகிறது என்கிறாள். பிந்தாது, இன்னும் இரண்டு நிமிடம் என்கிறேன். பேருந்து வருகிறது. ஒவ்வொரு முறையும் வருகிறது.

1996 ஏப்ரல் 7, ஞாயிறு

ஈஸ்டர். ஆராதனை முடிந்து வந்ததும் நினைத்துக்கொண்டேன்: அங்கே இன்று கடிகாரத்தை முன்னால் நகர்த்தும் நாள். இனி ஒன்பதரை மணி நேரம். ஒரு மணி நேரம் நெருங்கிவிட்டார்கள்.

1996 ஏப்ரல் 16, செவ்வாய்

கனடாத் தூதரகத்திலிருந்து உறை வந்தது. விமலகுமாரியின் கடவுச்சீட்டில் விசா ஒட்டியிருக்கிறது. என்னுடையதில் இல்லை. விண்ணப்பத்திலுள்ள பிறந்த தேதி பயண ஆவணத்தோடு பொருந்தவில்லை என்று ஒரு தாள். போதகரின் கடிதம் நான் மடித்த மடிப்போடு திரும்பியிருக்கிறது.

நான் என்ன பொய்யா சென்னேன்? பொய்ய எழுதினவன் செத்து நாப்பது வருசம் ஆவுது. நான் நேரைத்தானே எழுதினேன் —

விமலகுமாரி இரண்டு சீட்டையும் புரட்டிப் பார்த்தாள். “தனியாட்டு நான் போவமாட்டேன்” என்று சொல்லிவிட்டு அடுக்களைக்குப் போனாள். திருவனந்தபுரத்துக்கே அவள் துணையின்றிப் போனதில்லை.

1996 ஏப்ரல் 17, புதன்

புதிதாக விண்ணப்பித்தால் முடிவு வர எட்டு வாரம். ஜூன் முதல் வாரத்துக்கு ஏழு.

1996 ஏப்ரல் 20, சனி

நான்கு நாட்களாக நான் ஒன்றும் சொல்லவில்லை. போ என்றும் சொல்லவில்லை, இரு என்றும் சொல்லவில்லை. நேற்று அவள், “நீங்க ஒரு வாக்கு சென்னா நான் நிண்ணிடுவேன்” என்றாள். நான் செய்தித்தாளைப் படித்துக்கொண்டிருந்தேன். ஒரே பக்கத்தை.

இந்த நாட்குறிப்பிலாவது எழுதிவிட வேண்டும்: அவள் போகாமல் இருந்தால் எனக்கு ஆறுதலாக இருக்கும். நான் நடந்த சாலையில் அவள் தனியே நடப்பதை என்னால் பார்க்க முடியவில்லை. இவ்வளவு சிறியவனா நான்?

இன்று காலை எட்டு மணிக்குக் கனகதாஸின் கடைக்கு ஜினி அழைத்தாள்.

“அப்பா, தேதிய நீங்கதான் மாத்தி எழுதினதா?”

“மாத்தவில்ல மக்கா. உள்ளத எழுதினேன்.”

“லிபினுக்கு லீவு கெடையாது. எனக்குப் பேடியா இருக்கு. அம்மையையாவது விடுங்க அப்பா” என்றாள்.

ஏழு ஆண்டுகளில் மூன்று கருக்கள் கலைந்ததை அவள் எங்களிடம் கடிதத்தில்தான் சொன்னாள், ஒவ்வொரு முறையும் ஒரே வரியில். இன்று அந்தப் பயத்தைக் குரலில் கேட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் விமலகுமாரியிடம், “பெட்டி எடு” என்றேன். அவள் ஏற்கெனவே பாதி அடுக்கியிருந்தாள்.

1996 ஏப்ரல் 28, ஞாயிறு

நோட்டை முதலிலிருந்து எழுதுகிறேன். ‘நாம் ஏற வேண்டும்’ என்றிருந்த இடமெல்லாம் ‘நீ ஏற வேண்டும்’. அவளுக்கு ஆங்கிலம் எழுத்துக்கூட்டத்தான் வரும். ஆகவே விமான நிலையங்களின் அறிவிப்புப் பலகைகளைப் படமாக வரைந்தேன். கழிவறை, வாயில், பெட்டி வரும் இடம். மும்பைக்கு ஒரு பக்கம், லண்டனுக்கு மூன்று பக்கம், டொராண்டோவுக்கு இரண்டு. பாலத்தின் நடுக்கோட்டைச் சிவப்பு மையில் வரைந்து, தாண்டாதே என்று எழுதினேன்.

படிக்கச் சொன்னேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அரை மணி நேரம் படித்தாள்.

“எல்லாம் உண்டு. பிள்ளைய குளிப்பாட்டச் செறட்ட கிட்டுமா எண்ணு மட்டும் இதில இல்ல.”

“அந்த ஊரில் தேங்காய் கிடையாது” என்றேன்.

“அப்ப அது என்ன ஊரு?”

பெட்டியில் இரண்டு சிரட்டைகள் வைத்தோம். ஒன்று உடைந்தால் மற்றொன்று.

1996 மே 10, வெள்ளி

திருவனந்தபுரம் விமான நிலையம். நோட்டு அவள் கைப்பையில். கண்ணாடிக் கதவுக்கு அப்பால் அவள் ஒரு பலகையின் கீழே நின்று, நோட்டைத் திறந்து, பலகையைப் பார்த்து, மறுபடி நோட்டைப் பார்த்தாள். பிறகு சரியான பக்கம் திரும்பி நடந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டாம் என்று ஐந்தாம் பக்கத்தில் நானே எழுதியிருந்தேன்; வரிசை நகர்ந்துவிடும்.

1996 மே 19, ஞாயிறு

காலை 7.30. விமலகுமாரி அழைத்தாள்.

“நீங்க வரைஞ்ச பஸ் ஸ்டாப்ப மாத்தியாச்சு. எதிர்வசத்து ரோட்டிலயாக்கும் இப்ப.”

யாரிடம் கேட்டாய் என்றேன். ஒரு வெள்ளைக்கார மதாமையிடம் கையைக் காட்டிக் கேட்டாளாம். அருவியைப் பார்த்தாளா? பார்த்தாளாம்.

“எப்படி இருக்கு?”

“நிக்காது. நாம பாத்தோண்டு நிக்கச்சிலயும் அது நிக்காது. எனக்கு உடனே ஒங்கள நெனப்பு வந்து, பின்ன பாக்க முடியல்ல. வந்துட்டேன்.”

கனகதாஸ் ஒரு நாற்காலியை என் பின்னால் நகர்த்தி வைத்தார்.

1996 ஜூன் 3, திங்கள்

இங்கே காலை 6.10க்கு ஜினிக்கு ஒரு பெண் குழந்தை. ஆறு பவுண்டு பதினொரு அவுன்ஸ். இருவரும் சுகம். ஆன் என்று பெயர்.

அங்கே அப்போது ஞாயிறு இரவு 8.40, தேதி ஜூன் 2. குடும்பப் பிறப்புகளைக் குறிக்கும் வேதாகமத்தின் முதல் ஏட்டை எடுத்து நெடுநேரம் வைத்திருந்தேன். பிறகு ஜூன் 2 என்று எழுதினேன். குழந்தை இருக்கும் இடத்தின் தேதி அது.

1996 ஜூன் 11, செவ்வாய்

விமலகுமாரி அக்டோபர் கடைசி வரை அங்கே இருப்பாள். ஜினி கேட்டுக்கொண்டாள், நான் சரி என்றேன்.

புதிய படிவத்தை இன்று நிரப்பினேன். கடவுச்சீட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, அதில் உள்ளபடியே எழுதினேன்: 1927 மே 24. கையொப்பமிட்டேன். போதகரின் கடிதத்தை வைக்கவில்லை. கனகதாஸ் ஒருமுறை படித்துப் பார்த்து, உறையை ஒட்டிக் கொடுத்தார்.

பதில் வர ஆகஸ்ட் ஆகும். டிக்கெட் கிடைத்துப் போய்ச் சேரச் செப்டம்பர். கையேட்டில் ‘இலையுதிர் காலம்’ என்று நான்கு பக்கங்கள் உண்டு. நமக்கு வேண்டாத பருவம் என்று அவற்றை இதுவரை நான் படிக்கவில்லை. மதியம் படுத்தபடி தொடங்கினேன். மலைச்சரிவுகள் முழுவதும் சிவக்குமாம். காலையில் புல்லின் மேல் வெண்பனி படியும், கையுறை அவசியம் என்கிறார்கள்.